பழைய தூளில் ஒரு பிடி

"ஆபீஸ் நேரத்துல எதுக்குக் கூப்பிடுற?" என்று போனில் எரிந்து விழுந்தான் தெட்சுரோ.

"ரிக்கு ஆசையா வளத்த வண்டுப் புழு..." கனாயே தயங்கினாள். "பெட்டியில இருக்கற மரத்தூளை நாள் பூரா தின்னுது. ஆனா இளைச்சுக்கிட்டே போகுதுங்க."

"தூளை மாத்தினியா?"

"மொத்தத்தையும் கொட்டிட்டுப் புதுசு போட்டேன். பழசு பூரா அதோட கழிவு."

"அறிவிருக்கா உனக்கு? அந்தக் கழிவுலதான் தாய் வண்டு விட்டுட்டுப் போன பாக்டீரியா இருக்கு. அது குடலுக்குள்ள போனாத்தான் மரம் செரிக்கும். இல்லேன்னா எவ்வளவு தின்னாலும் பட்டினிதான். புது இடத்துக்கு மாத்தும்போது பழசுல ஒரு பிடி கலக்கணும். ரிக்குவைக் கேட்டிருந்தா அவனே சொல்லியிருப்பானே!"

"எப்படிக் கேக்கறது? கோர்ட்டு நம்ம பையனை உங்ககிட்டக் குடுத்து எட்டு மாசமாச்சு."

அவன் எழுந்துபோய் அறைக் கதவைச் சாத்தினான்.

"நான் சொன்னது பொய்," என்றாள் கனாயே. "புழு நல்லாத்தான் இருக்கு. கட்டைவிரல் தடிமன். ஒரு பிடி பழசைக் கலந்துதான் மாத்தினேன். அதை உங்க வாயால கேக்கணும்னு தோணுச்சு."

"கனாயே, எதுவா இருந்தாலும் வக்கீல் மூலமா..."

"அவனோட பழைய போர்வையை அனுப்பினேன். பார்சலைப் பிரிக்காமலே திருப்பிட்டீங்க. டோக்கியோவுல புது வீடு, புது ஸ்கூல், எல்லாமே புதுசு. நேத்து ஸ்கூலுக்கு எதிர்ல நின்னு தூரத்துலேர்ந்து பாத்தேன். எலும்பும் தோலுமா நடந்து போறான். சாப்பிடறானா, இல்லையா?"

தெட்சுரோவின் குரல் தணிந்தது.

"கிண்ணத்துல ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்கிறதில்லை."