கடலுக்கடியில் ஒரு பணிநீக்கம்

சங்கு குளிப்பவனின் கயிற்றை மச்சினன்தான் பிடிக்க வேண்டும். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? அதனால் கித்தேரியானின் கயிறு மச்சினன் லெயோன் கையில் இருந்தது.

கீழே காற்றுக்குழாய் பாறையில் சிக்கியதும் படகில் கம்பெனி பொருத்தியிருந்த பாதுகாப்புப் பெட்டி பேசியது. "விபத்து வாய்ப்பு தொண்ணூறு சதவீதம். எனவே கித்தேரியான் பணிநீக்கம் செய்யப்படுகிறார். வெளியாளுக்குக் கம்பெனிக் காற்று கிடையாது."

கீழே காற்று அனுப்பும் கம்ப்ரசர் நின்றது.

"ஏல பொட்டி, எங்க மச்சான்ல அது!" லெயோன் கயிற்றை இழுத்தான்.

"வெளியாளைப் படகில் ஏற்றினால் உங்களுக்கும் பணிநீக்கம்."

லெயோன் கொஞ்சம் யோசித்தான். கொஞ்சந்தான். அதற்குள் கயிறு துடிப்பதை நிறுத்திவிட்டது.

கரையில் தங்கை செலஸ்தீனா நின்றிருந்தாள். "அவிய எங்கண்ணே?"

"மச்சான் இப்பம் கம்பெனில இல்லம்மா."

"வேலய விட்டாச்சா? மாதாவே!" அவள் சிலுவை போட்டுக்கொண்டாள். "இனிமயாவது நிம்மதியாத் தூங்குவேன்."