கதவில் வைத்த பொட்டு

பொட்டைக் காணோம்.

அவள் இன்னொரு தடவை குனிந்து பார்த்தாள்.

சர்வீஸ் முடிந்து, வாட்டர் வாஷும் முடிந்து, ஒர்க் ஷாப் வாசலில் அவர்களுடைய வெள்ளைக் கார் பளிச்சென்று நின்றது. இடதுபக்கக் கதவில் பொட்டு இருந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். பள்ளத்தின் நடுவே ஒரு பச்சைக் கீறல்.

கணவர் சிதம்பரநாதனும் பார்த்துவிட்டார்.

"யோவ் சவரிமுத்து! என்னய்யா பண்ணி வச்சிருக்க?"

ஒர்க் ஷாப்காரர் சவரிமுத்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குனிந்தார். விரலால் தடவினார்.

"இது பழைய அடி சார். துரு புடிக்கவே ஆரம்பிச்சிருக்கு."

"பழைய அடியா? நேத்து காலையில நான் விட்டப்ப இல்லையே!"

உண்மைதான். அவர் கண்ணுக்கு அது இல்லைதான். பதினெட்டு நாளாகவே இல்லை.

அங்கே இருந்தது பொட்டு.

சாதாரணப் பொட்டா அது? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து, பள்ளத்தை நிரவி, மேலே குங்குமம். வெயிலில் வெடித்தால் மறுநாள் குளித்துவிட்டு வந்து புதிதாக ஒரு பூச்சு. ஊரில் பானெட்டுக்குப் பொட்டு வைப்பார்கள், நம்பர் பிளேட்டுக்கு வைப்பார்கள். கதவுக்கு வைத்தவள் இவள் ஒருத்திதான்.

அதற்கும் அந்த மனிதர் பெருமைப்பட்டுக்கொண்டார். "நம்ம வீட்டம்மாவுக்கு பக்தி முத்திப்போச்சு" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்கும்போது அவரும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

ஓசியில் கழுவித் தருவார்கள் என்று அவள் கனவா கண்டாள்?

சவரிமுத்து போனை எடுத்தார். வண்டி உள்ளே வந்ததும் நாலு பக்கமும் படம் பிடித்துவைப்பது அவர் வழக்கம். இடதுபக்கப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார்.

கதவில் அப்பளம் அளவுக்குப் பொட்டு.

"பாரு, நீயே பாரு! அடி எங்கய்யா இருக்கு? பொட்டுதானே இருக்கு!"

சவரிமுத்து படத்தைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். பிறகு மெல்ல அவளைப் பார்த்தார்.

அவள் எதிர்ச்சாரியில் இருந்த டயர் கடை போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தாள்.

சவரிமுத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை, பாவி மனுஷன்.

"நம்ம நகர் குரூப்ல போடுறேன் பாரு. எங்க தெருவுல இருந்து மட்டும் பதினஞ்சு வண்டி உன்கிட்ட வருது. இனிமே ஒண்ணு வராது."

சிதம்பரநாதன் டைப் அடிக்கத் தொடங்கினார். கோபத்தில் அடித்தாலும் பிழையில்லாமல் அடிப்பவர். நேரம் எடுக்கும்.

"விடுங்க சார். என்கிட்ட இருந்தப்ப ஆனதாவே இருக்கட்டும். நானே பள்ளத்தை எடுத்துத் தரேன்" என்றார் சவரிமுத்து.

அவளுக்குச் சுருக்கென்றது.

கைப்பையில் லைசன்ஸ் இருந்தது. வந்து ஒன்பது நாள் ஆகிறது. கணவர் ஆபீஸ் பஸ் ஏறிய பிறகு முப்பது நாள் டிரைவிங் ஸ்கூல் போய், அப்புறம் தைரியம் வந்து சொந்த வண்டியையே எடுத்துப் பார்த்து வாங்கியது. பள்ளம் இருக்கும்வரை அதைக் காட்டக் கூடாது என்று வைத்திருந்தாள். காட்டினால் என்ன சொல்வார் என்று தெரியும். "உனக்கு எதுக்கு இந்த வம்பு, நான்தான் இருக்கேன்ல." ஏற்கெனவே மூன்று தடவை சொன்னதுதான். பள்ளத்தோடு சேர்த்துச் சொன்னால் ஆயுசுக்கும் சொல்வார்.

அவர் டைப் அடித்து முடித்துவிட்டார். ஒருமுறை படித்துப் பார்த்தார். கட்டைவிரல் எழுந்தது.

"அனுப்பாதீங்க. இடிச்சது நான்தான்."

கட்டைவிரல் அப்படியே நின்றது.

"நீயா? எதுல?"

"நம்ம கேட்டுல. ரிவர்ஸ் எடுக்கும்போது."

லைசன்ஸை எடுத்து அவர் கையில் வைத்தாள். அவர் முன்னால் பார்த்தார், திருப்பிப் பின்னால் பார்த்தார். வெயிலில் தூக்கிப் பிடித்தும் பார்த்தார்.

"அப்ப அந்தப் பொட்டு?"

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அப்ப இத்தனை ஞாயித்துக்கிழமையும் நான் கும்பிட்டது..."

முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளத்தான் பார்த்தார். முடியவில்லை. முதலில் தோள் குலுங்கியது, பிறகு தொப்பை. கண்ணில் தண்ணீர் வர அவர் சிரித்ததைப் பார்த்து சவரிமுத்துவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அவளுக்குத்தான் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்து தொலைத்தது.

டைப் அடித்ததை அவர் அழித்தார்.

"மன்னிச்சுக்கய்யா. கண்ணு மண்ணு தெரியாம கத்திட்டேன்."

"அட, இருக்கட்டும் சார்." சவரிமுத்து அவள் பக்கம் திரும்பினார். "சந்தனத்துலயே பட்டி பூசியிருக்கீங்க, வேலை சுத்தம்மா. எங்க ஆளுங்களுக்கே இந்த நிரவல் வராது."

பிறகு கதவைக் காட்டி, "எடுத்துடவா சார்? அரை நாள் வேலைதான்" என்றார்.

சிதம்பரநாதன் பள்ளத்தைப் பார்த்தார். கையிலிருந்த லைசன்ஸைப் பார்த்தார்.

"வேண்டாம்யா. இன்னும் நாலஞ்சு விழட்டும். மொத்தமா எடுத்துக்கலாம்."

சொல்லிவிட்டு லைசன்ஸையும் சாவியையும் சேர்த்து அவளிடம் நீட்டினார். சுற்றிக்கொண்டு போய், இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

அவள் சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள். ரிவர்ஸ் கியர் போட்டாள்.

சவரிமுத்து ஓடிப்போய் ஒர்க் ஷாப் கேட்டின் இன்னொரு கதவையும் திறந்துவிட்டார்.