முப்பத்தொன்றாம் எண் சட்டை

இங்கிலாந்தின் அந்த ஏழையர் விடுதியில் கணவனையும் மனைவியையும் தனித்தனிக் கட்டடங்களில் அடைப்பது விதி. சலவைக்கூடத்தில் வேலை செய்த ஹெஸ்டர், கணவன் ஏமோஸின் முப்பத்தொன்றாம் எண் சட்டைக் கழுத்தில் வாரந்தோறும் ஒரு நூல் முடிச்சிட்டு அனுப்புவாள். அது அவிழ்ந்து திரும்பினால் அவன் உயிரோடிருக்கிறான் என்பது அவர்களுடைய ஏற்பாடு. பனிக்காலம் முழுவதும் முடிச்சு தவறாமல் அவிழ்ந்தே வந்தது.

"ஏண்டி, இதுல முடிச்சுப் போடறது நீதானா?" என்றாள் மேற்பார்வைக்காரி. "கழுத்துல குத்துதுன்னு புதுக் கிழவன் வாராவாரம் திட்டிக்கிட்டே அவுக்கறான்."

"புதுசா? எப்ப வந்தாரும்மா?"

"பனிக்கு முன்னாடியே, அறுவடையப்போ. இந்த எண்ணுல இருந்த பழைய ஆளைப் புதைச்ச மறுநாளே."

ஹெஸ்டர் சட்டையைப் பிழிந்து உலர்த்தினாள். பிறகு அதே இடத்தில், எவர் கை பட்டாலும் அவிழும்படி, மிகத் தளர்வாக முடிச்சிட்டாள்.