பழகும் கை

நகங்களுக்கு அலங்காரம் செய்யும் கடையில் புதிதாகச் சேர்ந்த ஜெனிட்டா, மேசையில் திருகாணியால் முடுக்கியிருந்த பிளாஸ்டிக் கைக்குப் பாலிஷ் போட்டுப் பழகினாள்.

"சம்பளம் எப்பலேர்ந்து மேடம்?" என்று முதலாளியம்மாவிடம் கேட்டாள்.

"முதல்ல நிஜக் கையைத் தொடு, அப்புறம் பாக்கலாம்."

மறுநாள் கடையைத் திறந்தபோது, குப்புற இருந்த பிளாஸ்டிக் கை உள்ளங்கையை விரித்து மல்லாந்திருந்தது. ஜெனிட்டா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். திருகாணி இறுக்கமாகவே இருந்தது. முதலில் வந்த வாடிக்கையாளர் சிரித்துக்கொண்டே அதில் இருபது ரூபாய் வைத்தார். பின்னால் வந்தவர்களும் வைத்தார்கள்.

சாயங்காலம் ஜெனிட்டா குனிந்து, அடியிலிருந்தே அதன் நகங்களுக்குச் சிவப்புப் பூசி முடித்த நேரம், "கடை மேசையில விழுந்தது கடைக்குத்தான்" என்று முதலாளியம்மா பணத்தை அள்ள வந்தார். பிளாஸ்டிக் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிப் பணத்தை மூடிக்கொண்டன. அவர் கட்டைவிரலைப் பிடித்து நெம்பினார்.

"மெதுவா மேடம்," என்றாள் ஜெனிட்டா. "பாலிஷ் இன்னும் காயல."