நாற்பத்தொரு கார்கள்

"என்னங்க, அந்தக் கார் டின்ன இன்னைக்காவது வீட்டுல வச்சிட்டு வாங்க."

வாசலில் நின்றபடி ஜீவராணி சொன்னாள். புருஷன் ரமேஸ் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டிருந்தான். மண்சரிவு எச்சரிக்கை வந்து லயத்து வீடுகளைக் காலி செய்வது இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுப்பதும் மழை விட்டதும் திரும்புவதுமாக எல்லோரும் அலுத்துப் போயிருந்தார்கள்.

ஒவ்வொரு தடவையும் அவன் முதலில் தூக்குவது அந்த பிஸ்கட் டின்னைத்தான். உள்ளே விரல் நீளத்தில் நாற்பத்தொரு பந்தயக் கார்கள். தேயிலை லொறியை வளைவுக்கு வளைவு உருட்டிக்கொண்டு பதுளைக்குப் போகிறவன், கடைவீதியில் மலிவாக ஒன்று கண்ணில் பட்டால் விடமாட்டான். கதவு திறக்கிற கார் கிடைத்த அன்று சந்தோஷத்தில் சோறே இறங்காது. ஜீவராணியும் பத்து வருடமாகத் திட்டிப் பார்த்துவிட்டாள்.

இன்றைக்கு விஷயம் வேறு. வியாழக்கிழமை மகளுக்கு ஏ.எல். உயர்தரப் பரீட்சை. போன தடவை சொப்பிங் பையில் கொண்டுபோன பிறப்புச் சான்றிதழ் நனைந்து மை கரைந்துவிட்டது. பரீட்சை அனுமதி அட்டைக்கும் அதே கதி வந்தால் பிள்ளையின் இரண்டு வருடப் படிப்பு வீண். தண்ணீர் புகாத மூடி அந்த வீட்டில் இந்த ஒரு டின்னுக்குத்தான்.

ரமேஸ் உள்ளே போய்க் கார்களைக் கட்டிலில் கவிழ்த்தான். மகளின் அட்டையையும் சான்றிதழ்களையும் டின்னில் வைத்து அழுத்தி மூடினான். தோளில் அரிசி மூட்டை, கையில் டின். வேறு எதற்கும் கையில்லை. மலை சரிந்தால் அத்தனை காரும் மண்ணுக்குள்தான். கட்டிலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

"நீ கம்பளிய மட்டும் எடுத்துக்கிட்டு வா. நான் முன்னால போறேன்."

வழியில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் பெரியாயி டின்னைப் பார்த்துவிட்டாள். உயிர் போகிற நேரத்திலும் இவனுக்கு விளையாட்டுச் சாமான்தான் பெரிது என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னாள். அவன் டின்னை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஜீவராணியைத்தான் காணவில்லை. ஒரு கம்பளியை எடுக்க இவ்வளவு நேரமா என்று பயந்து, பாதி வழியில் நின்றான்.

மகளின் பழைய புத்தகப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஜீவராணி மூச்சிரைக்க வந்தாள். டின்னைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை.

"நீங்க ஒங்க டின்னப் பாத்து நடங்க."

இன்னும் கோபம் ஆறவில்லை போலிருக்கிறது என்று நினைத்து முன்னால் நடந்தான்.

பள்ளிக்கூடத்துக்கு முன்பே வந்திருந்த மகளிடம் டின்னைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தான். ஒரு சொட்டு ஈரமில்லை. அவள் சந்தோஷமாகப் புத்தகத்தோடு மூலையில் போய் உட்கார்ந்தாள். சிமெந்துத் தரை சில்லிட்டது. ரமேஸ் ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்துவிட்டு, கம்பளியை எடுக்கச் சொன்னான்.

ஜீவராணி தயங்கித் தயங்கிப் பையைத் திறந்தாள். ஒன்றோடொன்று உரசாமல், அவளுடைய சேலைத் துணியில் தனித்தனியாகச் சுற்றி, நாற்பத்தொரு காரும் உள்ளே இருந்தன.

"கம்பளிக்கு எடம் பத்தலைங்க" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.