ஒரே ராத்திரியில் மூணு மடங்கு

“மூணு மடங்கா? ராத்திரியோட ராத்திரியாவா?”

நாசிமியு போட்ட சத்தத்தில் ஜெரோப்பின் கையிலிருந்த டீ தளும்பியது.

நைரோபியில் வீட்டு ரிப்பேர் கம்பெனி நடத்துபவள் நாசிமியு. குழாய் உடைந்தாலும் ஃபியூஸ் போனாலும் அவளுடைய ஆட்கள் போய் நிற்பார்கள். யார், எந்த வீட்டுக்கு, எப்போது போக வேண்டும் என்பதை ஒரு செயலிதான் அவரவர் போனுக்குச் சொல்லும். ஆளுக்கு இவ்வளவு என்று மாதக் கட்டணம். அதைத்தான் இன்று காலை ஏற்றியிருந்தார்கள்.

“அக்கா, செயலியில ரெண்டு பேருக்கு ஒரே கணக்கைக் குடுத்துடலாமா?” என்றாள் கணக்குப் பார்க்கும் ஜெரோப்.

“போன தடவை அப்படிச் செஞ்சு, ஒரே குழாய்க்கு ரெண்டு பேரும் போய் நின்னு சண்டை போட்டாங்களே, மறந்துட்டியா?”

“அப்ப வாட்ஸ்அப் குரூப்?” என்றார் பிளம்பர் ஒக்கோத்.

“நீங்க அனுப்புற குட்மார்னிங் பூவுக்கு நடுவுல வேலையை எங்கே தேடுறது?”

எல்லோரும் சிரித்தார்கள். ஒக்கோத் மட்டும் சிரிக்கவில்லை.

“அப்ப எங்கள்ல சில பேரை நிறுத்திடுவீங்களா, பாஸ்?”

நாசிமியு போனை எடுத்து, செயலிக் கம்பெனியின் முதலாளிக்கே அடித்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், உங்க வாடிக்கையாளர் பேசறேன்.”

மறுமுனை ஒரு கணம் தயங்கியது. “சொல்லுங்க… மேடம்.”

“இப்படித் திடுதிப்புன்னு ஏத்தலாமா? முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“சர்வர் வாடகையை டாலர்ல கட்டறோம் மேடம். வேண்டியவங்களுக்கு மட்டும் குறைச்சா ஊரே என்னைக் கேள்வி கேட்கும்.”

“எனக்கு மட்டும் யார் கேட்டா? எங்களை மாதிரி சின்னக் கம்பெனி எல்லாத்துக்கும் கேட்கறேன். இந்த வருஷம் முடியற வரைக்கும் பழைய விலையே இருக்கட்டும்.”

“முடியாது மேடம். புதுசா எத்தனை வசதி சேர்த்திருக்கோம்! மதிப்பு கூடினா விலையும் கூடத்தான் செய்யும்.”

“இதுதான் முடிவா?”

“இதுதான்.”

ஒக்கோத் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். ஜெரோப்பின் முகம் விழுந்துவிட்டது. நாசிமியுவோ நாற்காலியில் வசதியாகச் சாய்ந்துகொண்டாள்.

“ரொம்ப நல்லது சார். அப்ப சனிக்கிழமை எங்க வீட்டுக்குப் பரிசம் பேச வர்ற உங்க மாமாக்கள்கிட்ட ஒண்ணு சொல்லிடுங்க. என்னைக் கட்டிக்கப் பன்னிரண்டு மாடு போதும்னு எங்கப்பா சொல்லியிருந்தாரில்ல? பொண்ணோட மதிப்பு கூடிடுச்சு, இன்னைக்குக் காலையிலேருந்து முப்பத்தாறு!”

“ஐயோ, பழைய விலைதான்! எல்லாருக்கும் பழைய விலைதான்!” என்று ஸ்பீக்கர் அலறியது. பிறகு குரல் குழைந்து, “மாடும் பழைய கணக்குத்தானே, கண்ணு?” என்றது.