மயக்கம் போட்டவர்

உயரமான கிளையில் பெரியவர் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார். கீழே மரப் பராமரிப்புக் கம்பெனி முதலாளிகள் அண்ணாந்து நின்றார்கள்.

மரத்தில் மயங்கிய ஆளை இறக்கும் முறையை, பயிற்சியாளரிடம் படித்து முடித்த மரமேறும் பெண் ஒருத்தி செய்துகாட்ட வேண்டும். பிடித்துப்போனால் முதலாளிகள் பயிற்சிக் கட்டணத்தில் பாதியை நிதியாகத் தருவார்கள். அவளோடு மரமேறும் மற்றவர்களும் படிக்கலாம். சொதப்பினால் அவ்வளவுதான். “எங்கே, என்னை இறக்கிக் காட்டுங்க பாக்கலாம்” என்று சவால் விட்டு ஏறியவர்தான் பெரியவர்; அவரும் ஒரு முதலாளி.

ஒவ்வொரு கொக்கியையும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தபடி அவள் ஏறினாள்.

“ஏம்மா, இப்படி ஆடி அசைஞ்சு வர்றே? கால் மரத்துப் போச்சு.”

“மயக்கம் போட்டவங்க பேசக் கூடாது.”

“நெஜமாவே மயக்கம் வரும்போல இருக்கு.”

“ரொம்ப நல்லது. நடிக்கிற வேலை மிச்சம்.”

அவர் பெல்ட்டைத் தன் பெல்ட்டோடு இணைத்து, அவரைத் தாங்கியிருந்த கயிற்றை விடுவித்தாள். அவர் கண்ணை இறுக மூடி அவள் தோளைப் பற்றிக்கொண்டார். பூப்போலத் தரை தொட்டார்கள். கைதட்டல் ஓய வெகுநேரமானது.

“நிதி தர யார் முதல்ல?” என்றார் பயிற்சியாளர்.

படுத்தபடியே பெரியவர் கையைத் தூக்கினார். “என் கம்பெனி ஆளுங்களுக்குப் பாதி இல்ல, முழுசும் நான் தர்றேன். என்னை இறக்கினது யாரு தெரியுமா? என் பொண்ணு!”

“அப்பா!” அவள் அவரை எழுப்பி உட்கார வைத்தாள். “கயித்துல இறங்கறதுக்கு ஒரு படிப்பான்னு போன முதலாளிகள் கூட்டத்துல கத்தினது நீங்கதானே?”

“அப்போ நான் தரையில நின்னுல்ல பேசினேன்!”